உராய்வு சார் பிரேக் மாற்றினார்

உயிருள்ளவரை காரின் ஸ்டீயரிங்கைப் பெண்டாட்டி கையில் கொடுப்பதில்லை என்று உராய்வு சார் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுக்குத்தான்.

உராய்வு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு உராய்வு விசை நடத்தியதில் பிள்ளைகள் வைத்தது. வீட்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தித்தான் இருந்தது. மனைவி எதைச் சொன்னாலும் முதலில் கொஞ்சம் எதிர்ப்பார்; பிறகு தேய்ந்து போவார்.

சார் ஆறடிக்கு மேல் இரண்டு விரற்கடை உயரம். மனைவி அஞ்சடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அவள் நர்ஸ். ஊசி போட ஆயிரம் பேர் இடுப்பைப் பார்த்தவள். யார் அலறுவார், யார் அலறாத மாதிரி நடிப்பார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

அன்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒண்ணாம் தேதியிலிருந்து என்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிளினிக்குக்கு மாத்திட்டாங்க. அங்க பஸ் போகாது. கார் எனக்கு வேணும்."

சார் வாயைக் கொப்பளித்தார். வழக்கத்தைவிட நீளமாகக் கொப்பளித்தார்.

"கார் உனக்கு எதுக்கு?"

"பஸ் போகாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? உங்க ஸ்கூலுக்கு வாசல்லயே பஸ் நிக்குது."

"உனக்குத்தான் ஓட்ட வராதே."

"லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷமாச்சு. அந்த போட்டோவுல சிரிச்சிட்டிருக்கேன், பாருங்க. அதுக்கப்புறம் இந்தக் கார் விஷயத்துல நான் சிரிச்சதே இல்ல."

"அதுக்கில்லம்மா. பிரேக்."

இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஆறு வருஷம் ஓட்டியிருந்தார். அது பதினெட்டு வயதான சின்னக் கார். அதன் பிரேக் முதல் மிதிக்கு யோசிக்கும். இரண்டாவது மிதிக்குத்தான் சம்மதிக்கும். "இதுக்கு என் காலைத்தான் தெரியும், வேற யார் கால் பட்டாலும் கோவிச்சுக்கும்" என்று சொல்லியே சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"பிரேக்தானே? மாத்திடுங்க" என்றாள் மனைவி.

சாருக்குப் பகீரென்றது. ஆனால் மறு நிமிஷமே மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வண்டி ரிப்பேரில் இருக்கும்வரை யாரும் ஓட்ட முடியாது. ரிப்பேர் முடிந்தால்தானே ஓட்டுவாள்? முடியாவிட்டால்?

"மாத்திடலாம். ஆனா மெக்கானிக்கிட்ட எல்லாம் விடமாட்டேன். உன் உயிர் விஷயம். நானே என் கையால மாத்தறேன்."

"உங்க கையாலயா?"

"உராய்வைப் பத்தி இந்த ஊர்ல என்னைவிட யாருக்குத் தெரியும்?"

மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன் பார்க்கும் அதே பார்வை. "சரி, செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

*

ஊரின் ஓரத்தில், செத்த கார்கள் எல்லாம் வந்து சேரும் காயலான் கடை ஒன்று இருந்தது. அதை நடத்துபவருக்கு மீசை என்று பெயர். மீசையைப் பார்த்தவர்கள் அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்று நினைத்ததில்லை. கதவுகளைக் காகிதம் மாதிரி கிழிக்கக் கூடிய ஆள்.

"சின்ன காருக்கு முன் பிரேக்கா?" என்றார் மீசை. "இருக்கு சார். அதே கம்பெனி, அதே உடம்பு, பெரிய இன்ஜின். அதனால பிரேக்கும் பெரிசு. ரெண்டும் ஒரே போல்ட்டுல உட்காரும். வாங்க."

அவர் காட்டிய காரின் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்பக்கம் பொலிவாக இருந்தது.

"பிரேக் நல்ல பிரேக்தானா?"

"பின்னாடி லாரி இடிச்ச வண்டி சார் இது. இது நின்னுச்சு, லாரி நிக்கல. இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?"

சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்பு வாய்க்குக் காலிப்பர் என்று பெயர். டிஸ்க் இரண்டு, காலிப்பர் இரண்டு, எல்லாவற்றையும் கழற்றிச் சாக்குப்பையில் போட்டார் மீசை. தட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து நேராக்கச் சொன்னார். தட்டோடு உராய்கிற பேடும், பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயும் மட்டும் புதிதாகப் போடுங்கள் என்றார். எந்தக் காலிப்பர் இடது, எது வலது என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதியும் கொடுத்தார்.

சார் அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"ஒரு ரகசியம். பொருள் நல்லா இருக்கணும். ஆனா வேலை மெதுவாத்தான் நடக்கணும்."

"எவ்வளவு மெதுவா?"

"நான் ரிடையர் ஆகறவரைக்கும்."

மீசை யோசித்தார். "வீட்லயா பிரச்சனை?"

"வீட்லதான் ஓட்டணுமாம்."

"ஓகோ!" மீசையின் கண்களில் ஆண் குலத்தின் துயரம் முழுவதும் தெரிந்தது. "நீங்க கவலைப்படாதீங்க சார். எதைக் கேட்டு வந்தாலும் இல்லைன்னு சொல்லிடறேன். இந்த உடம்பைத் துண்டு துண்டா வெட்டினாலும் ஒரு வார்த்தை வெளில வராது."

*

மறுநாளே காரின் முன்பக்கம் இரும்பு முக்காலிகளின் மேல் ஏறியது. சார் டிராயிங் மாஸ்டரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனார். முழங்கால் இரண்டும் ரோட்டின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தன. எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அது கஷ்டம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சக்கரமில்லாமல் நிற்கும் காரைப் பார்த்தால் அந்தக் கஷ்டம் பறந்துபோகும்.

சுண்ணாம்பில் எழுதியதை ஒரு தூறல் அழித்துவிட்டது. காலிப்பர் இரண்டும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. கையில் எது வந்ததோ அதை மாட்டினார். எது எந்தப் பக்கமானால் என்ன, முடிக்கவா போகிறார்?

பழையதைக் கழற்றவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். புதியதை மாட்ட இன்னொரு வாரம். பிறகு சக்கரத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. திருப்பி வைத்தார். உட்காரவில்லை. பெரிய பிரேக், சின்னச் சக்கரம். காலிப்பர் சக்கரத்துக்குள் நுழைய மாட்டேன் என்று அடம் பிடித்தது.

சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"பிரேக் மாட்டியாச்சும்மா. ஆனா சக்கரம்தான் மாட்ட முடியல."

மனைவி வெளியே வந்து பார்த்தாள். "வண்டி நிக்கணும்னுதானே பிரேக்?"

"ஆமா."

"இனிமே நகரவே நகராது. இதைவிட நல்ல பிரேக் யாராலயும் போட முடியாதுங்க."

"கிண்டல் பண்ணாதே. பெரிய சக்கரம் வேணும். காயலான் கடையில கேட்டேன். இல்லையாம். வர்றதுக்கு ஆறு மாசம் ஆகுமாம்."

"ஆறு மாசமா?"

"பாவம், நாலு ஊருக்குச் சொல்லி வச்சிருக்கார்."

மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. மீசை இறங்கினார். ஒரு கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். மறு கை இடுப்பில் இருந்தது. நாலு சக்கரமும் வந்து சேரும்வரை அந்தக் கை இடுப்பை விட்டு நகரவில்லை.

சார் ஓடிப்போய்க் காதோரம் சீறினார். "என்னய்யா இது? துண்டு துண்டா வெட்டினாலும் சொல்லமாட்டேன்னீரே!"

"வெட்டியிருந்தா சொல்லியிருக்க மாட்டேன் சார்" என்றார் மீசை பரிதாபமாக. "சிஸ்டர் உங்க வீட்டம்மான்னு எனக்கு எப்படித் தெரியும்? நரம்புக்கு வாரா வாரம் அவங்ககிட்டத்தான் ஊசி போட்டுக்கிறேன். எனக்கு ஊசின்னா சின்ன வயசுலேர்ந்து பயம். பாதி ஊசி உள்ள இருக்கு. மீதி வெளில இருக்கு. அப்ப நிறுத்திட்டு, 'சக்கரம் இருக்கா இல்லையா?'ன்னு கேக்கிறாங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"என் திட்டத்தையும் சொல்லிட்டீரா?"

"சேச்சே! சக்கரத்தை மட்டும்தான் சொன்னேன். மீதி மருந்து இறங்கிடுச்சு."

சார் மூச்சு விட்டார். திட்டம் பிழைத்தது.

*

சக்கரம் வந்துவிட்டால் என்ன, இன்னும் ஏர் எடுக்க வேண்டுமே? பிரேக் ஆயில் ஓடும் குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். இது ஓர் ஆள் செய்கிற வேலை இல்லை.

"நீ டிரைவர் சீட்டில உட்கார்ந்து மிதி" என்றார் சார். சொன்ன பிறகுதான் டிரைவர் சீட் என்ற சொல் அவருக்கே கசந்தது. பரவாயில்லை, முக்காலி மேல் நிற்கிற கார்தானே.

"கால் எட்டலீங்க. சீட்டை முன்னாடி தள்ளுங்க."

துருப்பிடித்த சீட்டைச் சுத்தியால் தட்டித் தட்டிக் கடைசிவரை முன்னால் தள்ளினார். அவள் மிதிக்க மிதிக்க அது பின்னால் வழுக்கியது. 'ஒரு வேலை என்றால் உருப்படியாகச் செய்ய வேண்டும்' என்று காரின் தரையில் துளை போட்டு, தடித்த போல்ட் ஒன்றை இறக்கி, மூச்சைப் பிடித்து முறுக்கினார். முறுக்கிய வேகத்தில் போல்ட்டின் தலையே தேய்ந்து உருண்டையாகிவிட்டது.

"கண்ணாடியிலயும் ஒண்ணும் தெரியலீங்க" என்றாள். கண்ணாடிகளையும் அவள் உயரத்துக்குத் திருப்பினார்.

பிறகு காரின் அடியில் புகுந்தார்.

"மிதி!"

"மிதிச்சிட்டேன்."

"விடாதே! ம்... இப்ப விடு. மறுபடியும் மிதி! நல்லா மிதி! உனக்குப் பலமே இல்லையா? ஏறி மிதி!"

இது ஒரு மணி நேரம் நடந்தது. அடுத்த வீட்டுத் தையல்காரம்மா மதில் மேல் எட்டிப் பார்த்தாள். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு நீளமான கால்கள் மட்டும் அவள் கண்ணில் பட்டன. "ஐயோ, போதாது! இன்னும் மிதி!" என்று ஒரு குரல் கெஞ்சியது.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல" என்றாள் தையல்காரம்மா, "கேட்டு வாங்கிக்கிற புருஷனை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"நல்ல மனுஷன்க்கா. நான் நிறுத்தினாலும் விடமாட்டேங்கிறார்" என்றாள் நர்ஸ் மிதித்துக்கொண்டே.

பெடல் பஞ்சாகவே இருந்தது. மறுநாளும் பஞ்சு. அதற்கு மறுநாளும் பஞ்சு. திருகு வழியாக ஆயில் வந்தது. காற்று மட்டும் வரவில்லை. ஏன் என்று சாருக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. கேட்காமலே கிடைத்த வரம் அது. தன் மனைவி ரிடையர் ஆகும்வரைகூட இப்படியே மிதிக்கட்டும்!

நாலாம் நாள் டீ கொண்டுவந்தவள் சக்கரத்துப் பக்கம் குனிந்தாள்.

"இந்தத் திருகு ஏங்க தரையைப் பார்த்து இருக்கு?"

"அது அப்படித்தான்."

"ஒரு சந்தேகம். எண்ணெய்க்குள்ள காத்துக்குமிழி இருந்தா அது மேல போகுமா, கீழ போகுமா?"

சார் அடியிலிருந்தே சிரித்தார். "மேலதான் போகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இதுகூடத் தெரியாம எப்படி நர்ஸ் ஆனே?"

"சும்மா கேட்டேன்" என்றாள். "டீ ஆறுது, குடிங்க."

*

அந்தச் சனிக்கிழமை சாருக்குச் சிறப்பு வகுப்பு. மத்தியானம் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். முக்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. கார் நாலு காலில், வாசலைப் பார்த்து நின்றது. மீசை நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்காரும் நிலைமையில் அவர் இல்லை.

"இன்னிக்கும் ஊசியா?" என்றார் சார்.

"இன்னிக்கும்தான் சார்" என்றார் மீசை தரையைப் பார்த்து. "இந்தத் தடவை எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரிடையர் ஆகறவரைக்கும்ங்கிறது உட்பட."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இடது பக்கத்துதை வலதுலயும் வலது பக்கத்துதை இடதுலயும் மாட்டி வச்சிருந்தீங்க. அதான் திருகு ரெண்டும் தரையைப் பார்த்துச்சு. காத்து பாவம், மேல போய் உட்கார்ந்துக்கிட்டு வழி தெரியாம முழிச்சிருக்கு. அண்ணன் வந்து ஒரு மணி நேரத்துல மாத்திக் கொடுத்தார். திருகு மேல வந்துடுச்சு. அப்புறம் நானே காத்தை எடுத்துட்டேன்."

"நீயா? எப்படி?"

அவள் ஒரு பெரிய சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினாள். கிளினிக்கில் தூக்கிப் போட வைத்திருந்ததாம். "தினம் நாப்பது தடவை செய்யற வேலைங்க இது. ஊசியில காத்து இருந்தா, முனையை மேல தூக்கிப் பிடிச்சுத் தட்டணும். கீழ தொங்க விட்டுட்டு 'மிதி மிதி'ன்னு கத்தினா வருமா?"

சாருக்கு இருபத்திரண்டு வருஷத்து ஒன்பதாம் வகுப்புகளும் வரிசையாக நின்று கைகொட்டிச் சிரிப்பது போலிருந்தது.

"ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றாள்.

பக்கத்து சீட்டில் ஏறினார். தெருக்கோடியில் ஒரு சரிவு உண்டு. அதன் முடிவில் ஒரு மதில் சுவர் உண்டு. பழைய பிரேக்கோடு அந்தச் சரிவில் இறங்கும்போது அவர் பாதி வழியிலேயே முதல் மிதியைப் போட்டுவிடுவார். மனைவி போடவில்லை. முக்கால் வழி வந்தும் போடவில்லை. சார் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தார். "மிதி! ஐயோ, மிதிம்மா!" என்று அலறினார்.

அவள் மிதித்தாள். ஒரே மிதி. கார் சுவருக்கு நாலடி முன்னால் அசையாமல் நின்றது. காருக்குள் சார் மட்டும் நிற்கவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி இன்னும் கொஞ்ச தூரம் போய் டாஷ்போர்டில் இறங்கியது.

"பிடிக்குதா?" என்றாள்.

"பிடிக்குது" என்றார் சார், எது பிடிக்கிறது என்று விளக்காமல்.

ஆனாலும் மனிதர் தேய்ந்துவிடவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் கடைசி அஸ்திரம் ஒன்று கையில் வந்துவிட்டது.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா பேட் புதுசு. புது பேடை உடனே ரோட்டுல நம்பக்கூடாது. மெதுவா மிதிச்சு மிதிச்சுப் பழக்கணும். இதை யாரை வேணா கேட்டுப்பார். ஒரு மாசம் நான் ஓட்டிப் பழக்கித் தரேன். அப்புறம் உன் வண்டி."

மனைவி மீசையைப் பார்த்தாள். "பழக்கணுமா அண்ணே?"

மீசை இடுப்பைத் தடவினார். பொய் சொல்லும் வயதை அவர் தாண்டியிருந்தார். "பழக்கணும்தான் சிஸ்டர். சார் சொல்றது உண்மை."

"அப்படியா? அப்ப நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை நீட்டினாள்.

இவ்வளவு சுலபமாகவா? சார் சாவியை வாங்கிக்கொண்டு கம்பீரமாகக் கதவைத் திறந்தார். முதலில் வலது காலை உள்ளே விட்டார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. காலை எடுத்துவிட்டுத் தலையை முதலில் விட்டார். கால் வெளியே நின்றது. உட்கார்ந்தபடி பின்பக்கமாக நுழைந்து பார்த்தார். ஒருவழியாக உள்ளே போனார். ஆனால் தாடை முழங்கால் மேல் இருந்தது. முழங்கால் ஹாரன் மேல் இருந்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி ஹாரன் அலறியது. தையல்காரம்மா மறுபடியும் மதில் மேல் வந்தாள்.

"சீட்டைப் பின்னாடி தள்ளு!" என்று ஹாரனுக்கு மேல் கத்தினார் சார்.

"தள்ளிப் பார்த்தேங்க. நீங்க போட்ட போல்ட்டு. தலை தேஞ்சு போச்சு."

"மீசை! ஒரு ஸ்பேனர்!"

மீசை குனிந்து பார்த்தார். மரியாதையோடு தலையை ஆட்டினார். "சார், நான் முப்பது வருஷமா கார் உடைக்கிறேன். இப்படி முறுக்கின போல்ட்டைப் பார்த்ததே இல்ல. தரையோட அறுத்தாத்தான் உண்டு. தரை போனா வண்டி போச்சு."

சாரை வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். மீசை தோளைப் பிடித்தார், தையல்காரம்மா காலைப் பிடித்தாள். மனைவி மட்டும், "மூச்சை நல்லா இழுத்து விடுங்க, ஒண்ணுமில்ல, ஆச்சு, ஆச்சு" என்று அவர் முதுகைத் தட்டினாள்.

சாவி அவர் கையிலிருந்து எப்போது போனது என்று அவருக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை ஒண்ணாம் தேதி. கார் காலையிலேயே பாலத்தைத் தாண்டிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் சார் தன் சாப்பாட்டுப் பையோடு நின்றார். பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா அவரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"என்ன சார் அதிசயமா பஸ்ஸுக்கு நிக்கறீங்க? கார் இன்னுமா ரிப்பேர்?"

"இல்லைய்யா" என்றார் உராய்வு சார். "சரியாயிடுச்சு."